ஓம் கடற்கரையிலிருந்து பாரடைஸ் வரை: கோகர்ணத்துப் பாறை விளிம்பு நடை

கேள்வி இதுதான்: பொங்கல் விடுமுறைக்குக் கோயம்புத்தூரிலிருந்து குடும்பமாகக் கர்நாடகக் கரையிலுள்ள கோகர்ணம் போகிறார்கள். ஓம் கடற்கரையிலிருந்து மலை விளிம்பு வழியாக நடந்தால் ஆளில்லாத பாரடைஸ் கடற்கரை வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள். உடன் பத்து வயதுப் பையனும் அறுபதைத் தாண்டிய அம்மாவும் வருகிறார்கள். நடக்க முடியுமா, எவ்வளவு நேரம் ஆகும், வழிகாட்டி வேண்டுமா, அங்கே குளிக்கலாமா, இரவு கூடாரம் போட்டுத் தங்கலாமா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான். தங்க முடியாது. பாரடைஸ் கடற்கரையை ஒட்டியிருப்பது வனத்துறை நிலம். கூடாரம் போட அனுமதி இல்லை. ஒரு காலத்தில் அங்கே ஓலைக் குடிசைகள் இருந்தன, வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் கிடந்தார்கள், சாப்பாட்டுக் கடைகூட இருந்தது. அதையெல்லாம் வனத்துறை அப்புறப்படுத்திவிட்டது. இன்று போனால் மரங்களுக்கு நடுவே கல் அடித்தளங்களும் பாதிச் சுவர்களும்தான் தெரியும். இணையத்தில் சுற்றும் பல படங்களும் குறிப்புகளும் அந்தப் பழைய காலத்தவை. ஆக, இது காலையில் போய் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே வர வேண்டிய நடை. போகிற வழியைவிடத் திரும்பும் வழியைத்தான் முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். இந்தப் பாதையில் சிக்கலில் மாட்டுகிறவர்களில் பெரும்பாலோர் போவதற்குத் திட்டம் போட்டுவிட்டு, வருவதை "படகு கிடைக்கும், பார்த்துக்கலாம்" என்று விட்டவர்கள்தான்.

சரி, இடத்தைப் பார்ப்போம். வடக்கே கங்காவளி ஆறு, தெற்கே அகநாசினி ஆறு. இரண்டும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே கோகர்ணம் இருக்கிறது. ஊரை ஒட்டிய பிரதான கடற்கரை நீளமானது, தட்டையானது. அதன் தெற்கு முனையில் ராமர் கோயில், பக்கத்திலேயே ஒரு ஊற்று. அங்கிருந்து படியேறினால் மேடு தொடங்கிவிடும். அதற்குப் பின் தெற்கு நோக்கி வரிசையாகக் குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ், பேலேகான். ஒவ்வொன்றும் இரண்டு பாறை முனைகளுக்கு நடுவே வளைந்து கிடக்கும் கடற்கரை. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக முனையின் மேல் ஏறி இறங்க வேண்டும். தெற்கே நடந்தால் கடல் எப்போதும் வலது கைப்பக்கம். குட்லேக்கும் ஓமுக்கும் வண்டிகள் கிட்டத்தட்டக் கரை வரை வந்துவிடும். பேலேகான் ஒரு மீனவர் ஊர், அங்கும் சாலை உண்டு. நடுவில் இருக்கும் ஹாஃப் மூனுக்கும் பாரடைஸுக்கும்தான் சாலை கிடையாது. அவை ஒதுங்கிக் கிடப்பதற்குக் காரணம் அவ்வளவுதான்.

தூரம் என்று பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஓமின் தெற்கு முனையிலிருந்து ஹாஃப் மூனுக்கு அரை மணி நேரம், அங்கிருந்து பாரடைஸுக்கு இன்னொரு அரை மணி நேரம். நின்று படம் எடுத்து, தண்ணீர் குடித்துப் போனால் ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். பத்து வயதுப் பையன் உங்களுக்கு முன்னால் ஓடிவிடுவான்; உங்கள் கவலை அவனை விளிம்பிலிருந்து உள்பக்கமாக நடக்க வைப்பதாகத்தான் இருக்கும். அம்மா விஷயம் வேறு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் காலடியில் இருக்கும் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த முனைகளின் மேல்தளம் முழுக்கச் செம்புரைக்கல். கேரளாவில் செங்கல் போல வெட்டியெடுத்து வீடு கட்டுகிறார்களே, அதே சிவப்புக் கல். மேலே குழிகுழியாக, துரு ஏறிய இரும்பு போல இருக்கும். உண்மையில் நிறம் வருவதே அதிலுள்ள இரும்புச் சத்தால்தான். ஆயிரமாயிரம் ஆண்டு மழை மற்றச் சத்துகளையெல்லாம் கரைத்துக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்ட மண். காய்ந்திருக்கும்போது இந்தக் கல் காலை நன்றாகப் பிடிக்கும், சிக்கல் அதிலிருந்து உதிர்ந்த சரளையில். கொண்டைக்கடலை அளவுக்குச் சிறு உருண்டைகள் சரிவு முழுக்கப் பரவிக் கிடக்கும். இறங்கும்போது குதிகாலை ஊன்றினால் அவை அப்படியே காலடியில் உருளும். பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, முழுப் பாதமும் பதியும்படி, அடியைச் சின்னதாக வைத்து இறங்குங்கள். கையைப் பின்னால் ஊன்றி உட்கார்ந்து நகர்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் இதே கல்லில் பாசி படிந்துவிடும். அப்போது எந்தச் செருப்பும் காப்பாற்றாது.

ஓமிலிருந்து கிளம்பும் பாதை கடற்கரையின் தெற்குக் கோடியில், கடைசிக் கடைகளைத் தாண்டியதும் மேலே ஏறுகிறது. முதல் பத்து நிமிடம் மரநிழல். வேர்கள் குறுக்கே ஓடும், முந்திரி மரங்கள் தென்படும். பாதை இரண்டாக, மூன்றாகப் பிரியும். பல தடங்கள் மாடுகள் போட்டவை, சில உள்ளே சாலைக்குப் போகிறவை, சில தூண்டில் போடுகிறவர்கள் பாறைக்கு இறங்குகிற வழிகள். கடைசியாகச் சொன்னதுதான் ஏமாற்றும். கடலைப் பார்த்துக்கொண்டே இறங்குவதால் சரியான வழி போலத் தோன்றும்; கீழே போனால் அலையடிக்கும் பாறையில் முடிந்துவிடும். ஆகவே கடல் வலப்பக்கம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் கீழே இறங்கிவிடக் கூடாது, அடுத்த கடற்கரையின் மணல் கண்ணுக்குத் தெரியும் வரை. இதை நினைவில் வைத்தால் வழி தவற வாய்ப்புக் குறைவு. ஓமிலிருந்து பாரடைஸ் வரைக்கும் மட்டும் என்றால் வழிகாட்டி தேவையில்லை என்றே சொல்வேன்.

மரங்கள் முடிந்து வெளியே வந்ததும் அந்த நடையின் சிறந்த பகுதி தொடங்குகிறது. இடப்பக்கம் புல்மேடு, வலப்பக்கம் நேராகக் கடல். திரும்பிப் பார்த்தால் ஓம் கடற்கரையின் இரண்டு வளைவுகளும் நடுவில் துருத்தி நிற்கும் பாறையும் தெரியும். அந்தப் பெயர் ஏன் வந்தது என்பது மேலிருந்து பார்த்தால்தான் புரியும். அக்டோபரில் புல் இடுப்பளவு பச்சையாக இருக்கும். ஜனவரியில் அதே புல் காய்ந்து பொன்னிறமாகிவிடும். கீழே பாறையில் அலை மோதும் சத்தம் சற்றுத் தாமதித்துத்தான் மேலே வரும். பாதை சில இடங்களில் விளிம்புக்கு மிக அருகே போகிறது, கைப்பிடியோ தடுப்போ கிடையாது. அகலம் போதுமானதுதான், ஆனால் விளிம்பை ஒட்டிய கல் பல இடங்களில் அடியில் அரிக்கப்பட்டு, மேலே ஓடு போல நீட்டிக்கொண்டிருக்கும். மேலே நிற்பவருக்கு அது தெரியாது. படம் எடுக்கப் போய் நுனியில் நிற்காதீர்கள். பலர் பாரடைஸ்தான் இலக்கு என்று இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முழு நடையிலும் பார்க்க வேண்டியது இதுதான். நேரம் இல்லையென்றால் ஹாஃப் மூன் வரை போய்த் திரும்பினாலே போதும்.

ஹாஃப் மூன் ஒரு சின்னஞ்சிறு வளைவு, பெயருக்கு ஏற்றபடி. சீசனில் ஒரு கடை இருந்தால் எலுமிச்சைச் சாறு கிடைக்கும், அதை நம்பிப் போக வேண்டாம்.

ஹாஃப் மூனிலிருந்து பாரடைஸ் வரையிலான துண்டுதான் உண்மையில் கவனம் கேட்கிறது. மேலே புதர்களுக்குள் ஒரு தடம் போகிறது. கீழே பாறைகள் மேல் தாவிப் போகும் வழியும் உண்டு. கீழ்வழி குறுக்குவழி போலத் தெரியும். அதில் போகலாமா என்பதைக் கடல் ஏற்றம்தான் தீர்மானிக்கும். இந்தக் கரையில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நீர்மட்டம் சுமார் ஒன்றரை மீட்டர் மாறும். சென்னையில் பார்ப்பதைவிட அதிகம். ஏற்ற வற்ற நேரம் தினமும் கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம் தள்ளிக்கொண்டே போகும், அதனால் நேற்று போனவர் சொன்ன நேரம் இன்றைக்கு அப்படியே பொருந்தாது. கார்வார் துறைமுகத்துக்கான ஏற்ற வற்ற நேரத்தைப் போனில் பார்த்துக்கொள்ளுங்கள். வற்றம் இருக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் பாறையைக் கடந்துவிடுவது நல்லது. ஏற்றமாக இருந்தால் பேசாமல் மேல்தடத்தில் போங்கள்.

பாறையைப் பார்த்தே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். வெளுத்துக் காய்ந்திருந்தால் அலை அங்கே வருவதில்லை. கறுத்து ஈரமாக இருந்தால் சற்று முன் வந்திருக்கிறது, மறுபடி வரும். பச்சையாகப் பளபளத்தால் கால் வைக்கவே கூடாது. ஒரு பாறையில் இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் நின்று கடலைப் பாருங்கள். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. சிறியவை பல வந்தபின் பெரியவை நாலைந்து சேர்ந்தாற்போல் வரும். இரண்டு நிமிடம் மட்டும் பார்த்தவர் அமைதியான கடல் என்று நினைத்து இறங்கிவிடுவார்.

பாரடைஸ் என்றதும் நீண்ட வெள்ளை மணலைக் கற்பனை செய்யாதீர்கள். பெரும்பகுதி பாறை. நடுநடுவே துண்டு துண்டாக மணல், பின்னால் மரங்கள் நிறைந்த சரிவு. காலை எட்டு மணிக்குப் போனால் நீங்கள் கேட்ட தனிமை அப்படியே கிடைக்கும். ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் படகுகள் வரிசையாக ஆள் இறக்கும், பாட்டுப்பெட்டி அலறும். குப்பையும் உண்டு. கடல் கொண்டுவந்து ஒதுக்குவது பாதி, வந்தவர்கள் போட்டுவிட்டுப் போவது பாதி. மணலில் உடைந்த கண்ணாடி கிடக்கும் என்பதால் பையனைச் செருப்பில்லாமல் ஓட விட வேண்டாம்.

இனித் திரும்பும் வழி. மூன்று உண்டு. வந்த வழியே நடக்கலாம். படகில் ஓமுக்கோ குட்லேக்கோ ஊருக்கோ வரலாம். அல்லது தெற்கே இன்னும் அரை மணி நேரம் நடந்து பேலேகான் போய், அங்கிருந்து ஆட்டோவில் ஊருக்குத் திரும்பலாம்.

படகு எப்போதும் கிடைக்கும் என்று ஓமில் எல்லோரும் சொல்வார்கள். சீசனில் பகல் வேளையில் அது உண்மைதான். ஆனால் கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தால் படகு கரைக்கு வராது. துறை எதுவும் கிடையாது, அலைக்குள்ளேயே முழங்கால் தண்ணீரில் ஏற வேண்டும். ஆள் சேராவிட்டால் வராது, அல்லது நீங்கள் தவிப்பதைப் பார்த்து விலை ஏறும். ஜூன் முதல் தேதியிலிருந்து ஜூலை முடிய கர்நாடகக் கரையில் விசைப்படகு மீன்பிடித் தடை, மழைக்காலம் முழுக்கச் சுற்றுலாப் படகுகளும் ஓடாது. படகில் போவதென்றால் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன் கேளுங்கள், பையனுக்குப் பொருந்தும் அளவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வந்த வழியே திரும்புவதில் வரும் சங்கடம் வெளிச்சம். இந்தக் கரை மேற்குப் பார்த்தது. காலையில் மலையின் நிழல் பாதையில் விழும், குளுமையாக இருக்கும். பதினொரு மணிக்கு மேல் நிழல் போய்விடும், பிற்பகலில் சூரியன் கடல் பக்கமிருந்து முகத்துக்கு நேராக அடிக்கும். அஸ்தமனம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று ஆசை வரும். வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். பொங்கல் சமயத்தில் அங்கே ஆறே காலைத் தாண்டியதும் சூரியன் இறங்கிவிடும், அதற்குப் பின் அரை மணி நேரத்தில் மரத்தடிப் பாதை கும்மிருட்டு. போன் வெளிச்சத்தில் சரளை தெரியாது, விளிம்பு எங்கே முடிகிறது என்பதும் தெரியாது. அஸ்தமனத்தைக் குட்லேயில் உட்கார்ந்து பாருங்கள். அதே சூரியன்தான், கையில் காபியோடு பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. காலை ஏழு மணிக்கு ஓமில் தொடங்கி, ஹாஃப் மூனில் சற்று உட்கார்ந்து, பாரடைஸில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, வெயில் ஏறும் முன் பேலேகானுக்கு நடந்துவிட வேண்டியது. போன வழியிலேயே திரும்பத் தேவையில்லை, கடலை நம்பிக் காத்திருக்கவும் தேவையில்லை. ஒரே ஒரு ஏற்பாடு: பேலேகானில் ஆட்டோ நிற்காது. முதல் நாளே ஊரில் ஒரு ஆட்டோக்காரரிடம் பேசி, இத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்லி, எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது என்பதால், நீங்கள் கூப்பிட்டால் வரச் சொல்வதைவிட நேரம் குறித்துவிடுவது மேல்.

இந்த வழி உங்கள் அம்மாவுக்கும் உதவும். அவருக்கு முழங்கால் பிரச்சினை இல்லையென்றால், நிதானமாக நடந்தால், ஓம் – ஹாஃப் மூன் துண்டு முடியும். அதற்கடுத்த பாறைப் பகுதி வேண்டாம். அவரும் உங்களில் ஒருவரும் ஆட்டோவில் பேலேகான் வந்து இருக்கலாம், விருப்பமிருந்தால் அந்தப் பக்கமிருந்து மெதுவாகப் பாரடைஸுக்கு நடக்கலாம். அதிலும் மேடேற வேண்டும், ஆனால் தாவிக் கடக்க வேண்டிய பாறைகள் குறைவு. ஒரு கைத்தடி இருக்கட்டும். படகில் அவரை அழைத்துப்போவதைவிட இது நல்லது; அலையில் ஆடும் படகிலிருந்து இறங்கும்போதுதான் பெரியவர்களுக்கு இடறும்.

குளிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பாரடைஸில் முழங்கால் வரை நனைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இதே பதில்தான். காரணத்தைச் சொல்கிறேன்.

இரண்டு பாறை முனைகளுக்கு நடுவே இருக்கும் சிறிய கடற்கரையில் அலை தொடர்ந்து தண்ணீரைக் கரைக்குத் தள்ளுகிறது. அந்தத் தண்ணீர் எங்காவது திரும்பிப் போக வேண்டுமே? பெரும்பாலும் அது பாறை முனையை ஒட்டி, ஒரு ஓடை போலக் கடலுக்குள் வேகமாக ஓடும். அங்கே ஆழம் சற்று அதிகம், அதனால் அலை உடையாது. கரையிலிருந்து பார்ப்பவருக்கு இருபுறமும் வெள்ளை நுரை பொங்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் கருநீலமாக, சாந்தமாகத் தெரியும். "இங்கே அலையே இல்லை" என்று குழந்தையை இறக்கிவிடுவது சரியாக அந்த இடத்தில்தான். இழுப்பு தொடங்கினால் நல்ல நீச்சல்காரராலும் கரை நோக்கி நேராக நீந்தி ஜெயிக்க முடியாது, களைத்துப்போய்த்தான் மூழ்குகிறார்கள். மாட்டினால் மல்லாந்து மிதந்து, ஒரு கையைத் தூக்கிக் காட்டி, பிறகு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, நுரை தெரியும் பகுதிக்கு வந்து, அந்த அலையோடு கரைக்கு வர வேண்டும். கரையில் இருப்பவர் பதறி உள்ளே குதிக்கக் கூடாது. காலியான பெரிய தண்ணீர் பாட்டிலை மூடியை இறுக்கி எறிந்தாலும் பிடித்துக்கொண்டு மிதக்கலாம்.

ஊர்க் கடற்கரையிலும் குட்லே, ஓம் கடற்கரைகளிலும் சீசனில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள், விசிலடித்து வெளியே வரச் சொல்வார்கள். பாரடைஸில் அப்படி யாரும் இல்லை. குளிக்க ஆசை என்றால் அதைக் குட்லேயில், உயிர்காப்பாளர் கண்பார்வையில், காலை வேளையில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் கடல் பொங்கலாம் என்பதைக் குமரி மாவட்டத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயலின் அலை, சில நாள் கழித்து இங்கே வந்து மோதும். கள்ளக்கடல் என்பது அதைத்தான். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் இறந்தது அப்படியொரு எச்சரிக்கை நடப்பில் இருந்தபோதுதான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல்சார் தகவல் மையம் மேற்குக் கரைக்கும் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம், ஜனவரியில் குறைவு. ஆனாலும் கிளம்பும் நாளன்று ஒரு முறை பார்த்துவிடுவது ஒரு நிமிட வேலை.

கையில் என்னென்ன வேண்டும்? ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஏனென்றால் ஓமைத் தாண்டினால் நம்பத்தகுந்த கடை கிடையாது. ஜனவரியிலும் பகலில் 32 டிகிரி வரும், ஈரப்பதம் சேர்ந்து வியர்வை கொட்டும். வார் வைத்த, அடியில் பல் உள்ள செருப்பு அல்லது சாதாரண விளையாட்டு ஷூ. ரப்பர் செருப்பில் வருகிறவர்களை நிறையப் பார்க்கலாம், பாதி பேர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். தொப்பி, கொஞ்சம் கடலை மிட்டாய், வாழைப்பழம், ஒரு கட்டுத்துணி, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்த போன். கல் இடுக்கில் கை விடாதீர்கள். விரியன் பாம்புகள் இந்தப் பக்கம் உண்டு, காலையில் வெயில் காய வரும். தங்கும் இடத்தில் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

கணுக்கால் பிசகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால் இவ்வளவு எச்சரிக்கை ஏன் என்று புரியும். ஹாஃப் மூனுக்கும் பாரடைஸுக்கும் நடுவே விழுந்தவரைத் தூக்கி வர ஸ்ட்ரெச்சர் வழி இல்லை. படகு வர வேண்டும், அல்லது நாலு பேர் சுமக்க வேண்டும். ஊரை அடைந்தாலும் பெரிய சிகிச்சைக்கு மணிப்பாலுக்கோ கோவாவுக்கோ ஹூப்ளிக்கோதான் போக வேண்டும். உத்தர கன்னட மாவட்டத்தில் பெரிய பன்நோக்கு மருத்துவமனை வேண்டும் என்று அந்த மக்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவசர எண் 112; ஆம்புலன்சுக்கு 108.

எந்த மாதம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மார்ச்சுக்கு மேல் மேட்டில் நிழலில்லாமல் வறுத்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் கரையில், பெரும்பங்கு அந்த நான்கு மாதங்களில் பெய்கிறது. மழையில் மேடு கண்ணைப் பறிக்கும் பச்சை, அதை ராமர் கோயில் பக்கத்து மேட்டிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம், பாறைப் பாதைக்குப் போகக் கூடாது. மகா சிவராத்திரி சமயத்தில் தேர்த் திருவிழா. அதைப் பார்க்கவே போகலாம், ஆனால் நடைக்கு ஏற்ற நாட்கள் அல்ல. அறை கிடைக்காது, ஆட்டோவும் கிடைக்காது.

வழிகாட்டி தேவைப்படுவது இன்னொரு நீண்ட நடைக்கு. கும்டாவில் தொடங்கி, வன்னள்ளி, கட்லே, நிர்வாணா என்று கடற்கரை கடற்கரையாக வடக்கே வந்து, அகநாசினி ஆற்றைப் படகில் கடந்து ததடியில் இறங்கி, பேலேகான் வழியாகப் பாரடைஸ், ஓம், குட்லே என்று கோகர்ணத்தில் முடிப்பார்கள். பெங்களூர்க் குழுக்கள் வார இறுதிகளில் இதை நடத்துகின்றன. பையன் இன்னும் நாலைந்து வயது வளர்ந்தபின் யோசியுங்கள். ததடிக்கும் அகநாசினி ஊருக்கும் நடுவேயுள்ள அந்தக் கழிமுகம் மட்டும் இப்போதே பார்க்கத் தகுந்தது. அணையே கட்டப்படாத ஆறு அது. வற்றம் வரும்போது சேற்றில் இறங்கிச் சிப்பி பொறுக்குகிறவர்களைப் பார்க்கலாம். 2024 ஜனவரியில் அகநாசினிக் கழிமுகம் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, அதே அறிவிப்பில்தான் நம் தமிழ்நாட்டின் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயமும் லாங்வுட் சோலைக் காடும் சேர்ந்தன. பேலேகானில் ஆட்டோ ஏறியதும் அப்படியே ததடி வரை போய்வரச் சொல்லலாம், தூரம் அதிகமில்லை.

அம்மாவுக்காகச் சொல்ல வேண்டியது கோயில். மதியம் கோயிலைச் சாத்திவிடுவார்கள், அதனால் காலையில் பாறை நடை, மாலையில் மகாபலேஸ்வரர் கோயில் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் இடிக்காது. ஆண்கள் வேட்டி கட்டி, சட்டையில்லாமல்தான் உள்ளே போக முடியும், வேட்டி கொண்டுபோங்கள். ராவணன் கொண்டுவந்த ஆத்மலிங்கத்தைப் பிள்ளையார் சிறுவனாக வந்து தரையில் வைத்துவிட்ட கதை இங்கே. திருச்சி உச்சிப் பிள்ளையாரும் விபீஷணனும் வரும் கதையைச் சொல்லி வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். துளுவ நாடு என்று பழைய நூல்கள் சொல்லும் இந்தக் கரைப் பகுதியில் தேவாரம் பெற்ற ஒரே தலம் இது. சம்பந்தர், அப்பர் இருவருமே பாடியிருக்கிறார்கள். கோகர்ணத்தை வலம் வராத கால்களால் என்ன பயன் என்று அப்பர் கேட்டிருப்பது, நடை பற்றிய இந்தப் பதிலுக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள். அம்மா பாறைப் பாதையில் வராவிட்டாலும் அந்தக் கணக்கில் அவர்தான் முன்னால் நிற்பார்.

கோயம்புத்தூரிலிருந்து வர எளிய வழி, சென்னையிலிருந்து வரும் வெஸ்ட் கோஸ்ட் எக்ஸ்பிரசில் ஏறி விடியற்காலை மங்களூரில் இறங்குவது. அங்கிருந்து கோவாவின் மட்காவ் பக்கம் போகும் வண்டிகள் உண்டு. கொங்கண் ரயிலின் விரைவு வண்டிகள் பல கோகர்ணா ரோடு நிலையத்தில் நிற்பதில்லை, அதனால் முன்பதிவுக்கு முன் நிறுத்தங்களைப் பாருங்கள். கும்டாவிலோ அங்கோலாவிலோ இறங்கிப் பேருந்தில் வருவதும் சுலபம்தான். பெங்களூர் வழியாக வந்தால் கார்வார் போகும் பஞ்சகங்கா எக்ஸ்பிரஸ் இரவோடு இரவாகக் கொண்டுவந்து விடும். நிலையத்திலிருந்து ஊர் பத்து கிலோமீட்டர் போல. வழியில் சாணிக்கட்டா உப்பளங்கள் வரும்.

பொங்கல் வாரம் என்பது கர்நாடகத்திலும் சங்கராந்தி விடுமுறை. அது சனி, ஞாயிறோடு சேர்ந்தால் பெங்களூரே கிளம்பி வந்துவிடும். முடிந்தால் உங்கள் நடை நாளைத் திங்கள் முதல் வியாழனுக்குள் ஒன்றாக வையுங்கள். அறையைக் குட்லே பக்கம் எடுத்தால் ஓமுக்குக் காலையில் நடந்தே போய்விடலாம், இருபது நிமிடம்தான். அம்மாவுக்குப் படிக்கட்டு வேண்டாம் என்றால் ஊருக்குள் எடுத்துக்கொண்டு, ஓம் வரை ஆட்டோவில் போங்கள்.